மூன்று நாள் சத்திரம்

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். நான் பிறந்து வளர்ந்த கட்டடத்திலேயே எனக்கு அறை போட்டிருந்தார்கள். வாசலில் ஆதார் கேட்டார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண் மலையாளத்தில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன், வேண்டுமென்றுதான். அவள் என் முகத்தையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் சாவி கொடுத்தாள். அந்தச் சாவி திறந்த அறையில்தான் என் அம்மா இருபது வருஷம் சமையல் செய்தாள். இப்போது அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த குளியலறை இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் வலியசாலைக்கும் கிழக்கேகோட்டைக்கும் நடுவில் உள்ள இந்தக் கட்டடத்துக்கு இப்போது ஹெரிடேஜ் ஸ்டே என்று பெயர். முன்பு பெயரே கிடையாது. சத்திரம் என்றால் ஆட்டோக்காரனுக்குத் தெரியும். வாசல் படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கும். வழிப்போக்கர்கள் மூன்று நாள் தங்கலாம் என்று பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கும். அந்தக் கல்லை இவர்கள் எடுக்கவில்லை. அதற்கு மேல் ஒரு குட்டி பல்பு போட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் படிக்கவில்லை. படித்திருந்தாலும், மூன்று நாள் சும்மா தங்கலாம் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள்.

அந்தக் கல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சத்திரத்தைக் கட்டியவர் திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரி. ஆரல்வாய்மொழி வழியாக நடந்தும் மாட்டு வண்டியிலும் பத்மநாபசுவாமியைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டினாராம். வருகிறவர்கள் என்றால் பிராமணர்கள் மட்டும். இதை ரிசப்ஷன் பலகையில் எழுத மாட்டார்கள். பிற்பாடு காலம் மாறி எல்லோருக்கும் கதவு திறந்தது. மனசு மாறித் திறந்ததா, சட்டத்துக்குப் பயந்து திறந்ததா என்று எனக்குத் தெரியாது. பயந்துதான் என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் கணக்கு ஏன் என்பதற்கு ஊரில் ஒரு விளக்கம் சொல்வார்கள். பெருமாளை மூன்று வாசல் வழியாகத் தரிசிக்கிறோம், அதனால் வாசலுக்கு ஒரு நாள் என்று. சுத்தப் பேத்தல். நாலாவது நாளும் ஒருத்தன் தங்கினான் என்றால் அவனுக்குப் போக இடமில்லை என்று அர்த்தம். கட்டியவர் பயந்தது அதற்குத்தான்.

பஸ் வந்த பிறகு சாமி பார்க்க வந்தவன் பார்த்துவிட்டு சாயங்காலமே ஊர் திரும்பினான். சபரிமலை சீசனைத் தவிர பக்தர் கூட்டம் குறைந்துபோயிற்று. என் சின்ன வயதில் அங்கே வந்தவர்கள் பரீட்சை எழுத வந்தவர்கள், செக்ரட்டேரியட்டில் மனுவோடு அலைந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள். தென்காசி, சங்கரன்கோவில், விளாத்திகுளம் என்று எங்கெங்கிருந்தோ உள்ளூர் டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள். திருவனந்தபுரம் போங்கள், அங்கே பெரிய டாக்டர் இருக்கிறார் என்று. பெரிய டாக்டர் மூன்று நாளில் பார்த்துவிடுவாரா?

அப்பா அங்கே மானேஜர். மானேஜர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்தர், ஒரு கறுப்பு டெலிபோன், பின்கட்டில் நாங்கள் குடியிருக்க இரண்டு அறை. மேலே ஒரு கமிட்டி உண்டு. அப்பாவுக்கு இரண்டு குணம். ஒன்று, கமிட்டியைக் கண்டால் நடுக்கம். இரண்டாவது, பொய் எழுத மாட்டார். ரிஜிஸ்தரில் பெயர், ஊர், எத்தனை பேர், என்ன காரியம், வந்த நாள், போன நாள் என்று வரிசையாக இருக்கும். எல்லாம் உள்ளது உள்ளபடிதான் இருக்கும்.

அப்படியானால் ஆஸ்பத்திரிக்காரர்களை மூன்று நாளுக்கு மேல் எப்படி வைத்துக்கொண்டார்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்த மானேஜரிடமிருந்து வந்த வழி என்பார். மூன்று நாள் தங்கலாம் என்றுதான் கல்லில் இருக்கிறது. திரும்பி வரக்கூடாது என்று இல்லை. அதனால் மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் தங்கினவர்கள் படியிறங்கிவிட வேண்டும். தெருவோடு போய், கோடியில் இருக்கிற சின்னக் கோயில் முன்னால் திரும்பி, பின் தெரு வழியாகச் சுற்றி, மறுபடியும் வாசலுக்கு வந்து நின்று, இடம் உண்டா என்று கேட்க வேண்டும். அப்பா புதிதாகப் பார்ப்பதுபோல் நிமிர்ந்து பார்த்து, உண்டு என்பார். புது வரியில் எழுதுவார். புது வழிப்போக்கர், புது மூன்று நாள்.

இதில் ஏமாற்று வேலை கூடாது. பையை அறையில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு சுற்றி வந்தால் செல்லாது. அடுப்பு, தட்டு, துணி, எல்லாம் இறங்கி ஏற வேண்டும். காலிப் பையோடு சுற்றி வந்த ஒருவரை அப்பா பிடித்து மறுபடியும் சுற்ற வைத்தார். அப்போது எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது புளியங்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். எலுமிச்சங்காய் மண்டியில் காய் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் லாரியில் போகிறவன், அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது அவளுக்கே தெரியாது. இடுப்பில் நாலு வயதுப் பையன். இருதயத்தில் ஓட்டை. ஓடினால் உதடு நீலமாகிவிடும். ஆபரேஷனுக்கு எழுதி வைத்துவிட்டார்கள், ஆனால் கட்டில் இல்லை. "கட்டில் ஒழிந்தால் கூப்பிடுவோம், உடனே வர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்" என்று சொல்லியிருந்தார்கள். அவள் கொடுத்த நம்பர் சத்திரத்து நம்பர். அவள் அங்கே இருந்தே ஆக வேண்டும். புளியங்குடியில் அவளுக்கு யார் போன் பண்ணுவார்கள்? பண்ணினால்தான் எத்தனை மணி நேரத்தில் வந்து சேருவாள்?

அதனால் அவள் மூன்று நாளுக்கு ஒருமுறை படியிறங்கி ஏறினாள். ஒரு ரெக்சின் பை, ஒரு ஒயர் கூடை, இடுப்பில் பையன். லீவு நாட்களில் நானும் கூடப் போவேன், ஒயர் கூடை எனக்கு. "என்ன பாப்பா, சாமி பொறப்பாடு ஆயிட்டா?" என்பாள். நான் வாயாலேயே மேளம் அடிப்பேன். பையன் அவள் தோளில் தட்டித் தாளம் போடுவான். கோயில் மூலையில் திரும்பும்போது, "நம்ம சாமிக்கு மட்டும் ஒரு பய சூடம் காட்ட மாட்டேங்கான்" என்பாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். வாசலுக்கு வந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, பணிவாக, "எடம் இருக்கா சாமி?" என்று கேட்பாள். அப்பாவும் சிரிக்காமல், "உண்டு, ஏறி வரலாம்" என்பார். அவளுக்கு இது ரொம்பப் பிடித்த விளையாட்டு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பன்னிரண்டு தடவையோ பதிமூன்று தடவையோ ஆயிற்று. டெலிபோன் மட்டும் வரவில்லை.

ஒரு மூன்றாம் நாள். முதல் நாள் ராத்திரி முழுக்கப் பையனுக்குக் காய்ச்சல். அவள் காலையிலேயே பையைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட்டாள். கட்டின கையோடு சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். பையன் அவள் மடியில் தூங்கினான். பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. நான் போய் எட்டிப் பார்த்தேன். எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பாவிட்டால் பன்னிரண்டு தாண்டிவிடும். பை நிறைய இருக்க வேண்டும் என்றுதானே அப்பா ஓயாமல் சொல்கிறார்? எனக்குத் தெரிந்தவரை சுற்ற வேண்டியது பைதான். நான் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு, பின்பக்க வழியாக இறங்கித் தெருவைச் சுற்றினேன். அன்றைக்கு மேளம் இல்லை. பை கனம் அப்படி. அவள் அதையும் பையனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எப்படித்தான் தமாஷ் பேசினாளோ!

முன்வாசலுக்கு வந்து படிக்குக் கீழே நின்று, அவள் குரலிலேயே, "எடம் இருக்கா சாமி?" என்றேன்.

அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் கமிட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஓடு ஒழுகுவதைப் பார்க்க வந்தவர். அவர்தான் முதலில் சிரித்தார்.

"கொள்ளாமே, நல்லா இருக்கே! மோளே, நீ எங்கேந்து வர்றே?"

"புளியங்குடிலேந்து" என்றேன்.

அவர் இன்னும் சத்தமாகச் சிரித்தார். "அப்படியாக்கும்! இது யாரோட பை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்கா தூங்குகிறாள், அதனால் அவளுக்குப் பதிலாகப் பையை நான் சுற்றிக் கொண்டுவந்தேன், வழக்கமாக அவளே சுற்றுவாள், மூன்று நாளுக்கு ஒருமுறை, ஓணத்துக்கு முன்னாலிருந்தே சுற்றுகிறாள் என்று. பெருமையாகச் சொன்னேன். அப்பா பேனாவைப் பிடித்தபடி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கமிட்டிக்காரர் ரிஜிஸ்தரைத் தன் பக்கம் திருப்பிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"எடோ, இது சத்திரமாக்கும். ஆஸ்பத்திரி வார்டு ஒண்ணும் இல்ல, கேட்டீரா?"

"ரூல் ஒண்ணும் மீறலை சார். ஒவ்வொரு தடவையும் எறங்கித்தான் ஏறினா" என்றார் அப்பா.

"சரி. இன்னிக்கோ? இன்னிக்கு எறங்கினது பைதானே? ஆள் உள்ளல்லோ கெடக்கு?"

அப்பா வைத்த சட்டத்தாலேயே அவரைக் கட்டிப்போட்டாயிற்று. காலிப் பையோடு வந்தவனை மறுபடியும் சுற்ற வைத்த மனுஷர், ஆளில்லாமல் வந்த பையை எப்படி எழுதுவார்?

நான் தூங்குகிறவளை எழுப்பப் போனேன். அவள் பதறி எழுந்து, பையனைத் தூக்கிக்கொண்டு, கலைந்த தலையோடு ஓடிவந்தாள்.

"சாமி, கண்ணசந்துட்டேன் சாமி. இப்பச் சுத்திட்டு வந்துருதேன்."

"சுத்த வேண்டாம்" என்றார் கமிட்டிக்காரர். "அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. இன்னிக்கு நான் உங்களை விட்டா நாளைக்கு நூறு பேர் வருவா. இனி இந்தப் பேரு இந்த ரிஜிஸ்தர்ல வரப்படாது." இதை அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு பாக்கெட்டிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துப் பையன் கையில் கொடுத்தார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரிஜிஸ்தரைப் பார்த்தார். அவள் பெயருக்கு நேரே போன நாள் எழுதினார். அவள் என்னிடமிருந்து பையையும் கூடையையும் வாங்கிக்கொண்டாள். என்னைத் திட்டவும் இல்லை. படியிறங்கிப் போனாள்.

உள்ளே அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவசர அவசரமாகத் தயிர் சாதத்தை இலையில் கட்டி என் கையில் திணித்து, "ஓடு, குடுத்துட்டு வா" என்றாள். நான் பின்வாசல் வழியாக ஓடினேன். அவள் கோயில் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பையைக் கீழே வைத்திருந்தாள். அந்த மூலையில் ஒரு பக்கம் திரும்பினால் பின் தெரு, சத்திரத்துக்குத் திரும்புகிற வழி. நேரே போனால் சாலைக் கடைத்தெரு, அப்புறம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு.

நான் ஓடிவருவதைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் மூச்சு வாங்க நிற்பதற்குள், "அப்பா ஏதும் சொல்லி அனுப்புனாவளா பாப்பா?" என்றாள்.

"இல்ல. அம்மா தயிர் சாதம் குடுத்தா."

அவள் பொட்டலத்தை வாங்கிக் கூடையில் வைத்தாள். "அம்மாகிட்ட நல்லா இருக்கச் சொன்னேன்னு சொல்லு" என்றாள். பையைத் தூக்கினாள். நேரே போனாள்.

"அக்கா, இந்தப் பக்கம்!" என்று பின் தெருவைக் காட்டிக் கத்தினேன். பையன் அவள் தோளுக்கு மேலே பிஸ்கட்டோடு கையை ஆட்டினான். அவள் திரும்பவில்லை.

நான் சத்திரத்துக்கு வந்தபோது கமிட்டிக்காரர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டிருந்தார். அப்பா ரிஜிஸ்தரில் புது வரியில் அன்றைய தேதியை எழுதி வைத்திருந்தார். பேனா மூடி கழற்றியபடியே இருந்தது. "எங்கேடி அவ?" என்றார்.

"நேரா போயிட்டா."

"பின்தெரு வழியா வரல்லியா?"

"இல்லை."

பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷ நடை. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. சாயங்காலம் வரை அந்தப் புது வரியை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேனா காய்ந்துவிட்டது. அம்மா காப்பி கொண்டுவந்து மேஜையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் செய்த தப்புக்கு இவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அவள் போன நாலாம் நாள் காலையில் டெலிபோன் அடித்தது. அப்பா எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து. கட்டில் ஒழிந்திருக்கிறது, நாளை மறுநாள் காலைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்பா, "உண்டு சார், இங்கதான் இருக்கா. அனுப்பறேன்" என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். போனை வைத்துவிட்டு ரிஜிஸ்தரைத் திறந்தார். ஊர் என்ற இடத்தில் அவள் சொல்லி எழுதினது இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, தென்காசி பஸ் பிடிக்கக் கிளம்பினார். சத்திரத்தை அம்மா பார்த்துக்கொண்டாள். கமிட்டிக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் செம்மண். அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"வீடு பூட்டிக் கெடக்கு" என்றார். "பக்கத்து வீட்ல கேட்டேன். அவ ஊர்ல இல்ல, திருவனந்தபுரத்துல சத்திரத்துல இருக்காங்கறா."

நான் சிரித்துவிட்டேன். நம் சத்திரத்தில்தான் அவள் இல்லையே, அது தெரியாமல் ஊர்க்காரர்கள் இப்படி உளறுகிறார்களே என்று. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஏன் அடித்தாள் என்று கேட்டு அழுதேன். அப்பா முகம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். அங்கே வார்டில் யாரும் அவரை உள்ளே விடவில்லை. அவள் பெயரில் யாராவது வந்து சேர்ந்தார்களா என்று கேட்டதற்கும் சரியாகப் பதில் கிடைக்கவில்லை. அவள் அந்த நாலு நாளும் இந்த ஊரிலேயே எங்கேயோ இருந்து, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்து, கட்டிலைப் பிடித்திருக்கலாம். அப்படித்தான் நடந்தது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் கமிட்டி மாறியது, அறைக்கு வாடகை வந்தது, லாட்ஜ் ஆயிற்று. இப்போது பல்பு போட்ட கல்.

அப்பா மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கமிட்டிக்காரர் ஆட்டோ ஏறியதும் அவளை மறுபடியும் எழுதத்தான் அவர் காத்திருந்தார். அது எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. காத்திருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அம்மா சோறு அனுப்பினாள். அவர் ஒன்றும் அனுப்பவில்லை. அவள் எப்போதும்போலச் சுற்றிக்கொண்டு வருவாள் என்று நினைத்தார்.

கல்யாணத்தன்று சாப்பிட்டுவிட்டு நான் அந்தத் தெருவைச் சுற்றி நடந்தேன். கோயில் மூலையில் இப்போது ஒரு ஏடிஎம் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாளே, அது களைப்பால் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மூன்று நாளுக்கு ஒருமுறை எங்கள் வாசலில் கேட்டதைத்தான் அவள் அந்த மூலையில் நின்று, அப்பா ஏதும் சொல்லி அனுப்பினாரா என்று என்னிடம் கேட்டாள். இடம் இல்லை என்று சொன்னது நான்.